கால் விரல் சொல்லும் சேதி



சர்க்கரை நோய் தாத்தா பாட்டிக்குத்தான் வரும்னு நாம நினைக்கிறோம். அது தவறு. பிள்ளைகளுக்கும் வரும். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவது முதல் வகை நீரிழிவு. இது மிட்டாய் தின்றதால் வருவது இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

1922-ம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், இந்த நோய்க்காக முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் லியோனார்டு தாம்சன். அப்போது அவருக்கு வயது 14. நம்ம வயசுதான்! அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். இன்று இன்சுலின் போட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழலாம். ஆனால் அத்தனை காலமும் நரம்பைக் காப்பாற்ற வேண்டும்.

நரம்பு ஏன் கெடுகிறது?

ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் அதிகமாக இருந்தால் நரம்பும், அதற்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் பழுதாகும். மிக நீளமான நரம்புகள்தான் முதலில் பாதிக்கப்படும். அவை போய்ச் சேரும் இடம் கால் விரல். அதனால் விரல் மரத்துப்போகும், எரியும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பல பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் ஒண்ணுமே தெரியாது. அதனால்தான் சோதனை தேவை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. இசைக்கவை: ஒலிப் பாடத்தில் படித்தோமே, அதேதான்! 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரல் எலும்பில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதிர்வு தெரிகிறதா என்று சொல்ல வேண்டும்.
2. நைலான் இழை: 10 கிராம் விசையில் வளையும் இழையால் பாதத்தைத் தொடுவார்கள்.
3. சிறு சுத்தியல்: குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் தட்டினால் பாதம் துள்ள வேண்டும்.
4. நரம்புக் கடத்தல் சோதனை: சிறு மின்தூண்டல் கொடுத்து நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளப்பார்கள். நமக்கே தெரியாத பாதிப்பும் இதில் தெரியும்.

முதல் வகை நோய் வந்து 5 ஆண்டு ஆன பிள்ளைகளுக்கு, 10 வயது முதல் (அதற்கு முன்பே பருவமடைந்தால் அப்போதிருந்தே) ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனே செய்ய வேண்டும்.

சிகிச்சை என்ன?

கெட்டுப்போன நரம்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வலிக்கும் எரிச்சலுக்கும் மட்டும் மருந்து உண்டு. எனவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதல் சிகிச்சை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 முதல் 39 வயது வரையான 1,441 பேரிடம் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது!

நாம் என்ன செய்யலாம்?

* வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் நமக்கு உண்டு. மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. அந்தப் பிள்ளை மட்டும் செருப்போடு இருந்தால் கேலி செய்யாதீங்க.
* தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்க. புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டணும்.
* ஊசி போடவோ, தின்பண்டம் சாப்பிடவோ, கழிப்பறைக்குப் போகவோ கேட்டால் ஆசிரியர்கள் உடனே அனுமதி தர வேண்டுகிறேன்.

வலி வரும் வரை காத்திருக்காதே!
வருடம் ஒருமுறை பாதம் காட்ட மறவாதே!

— 9-ஆம் வகுப்பு மாணவி