புகாருக்குப் பதில் போடுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

சொந்தக் காசில் சர்வர் வாடகைக்கு எடுத்து டோர் எக்ஸிட் ரிலே நடத்துகிறீர்கள். ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு புகாரை அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் கேட்டிருக்கிறது. ரிலேயை மூடிவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம், பதில் போடுங்கள். எக்ஸிட் ரிலேக்கள் பெரும்பாலும் சாவது போலீசால் அல்ல. பதில் வராத புகார்களால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஏற்படும் சலிப்பால்தான்.

பயன்படுத்துபவரின் அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பான டோரில் ஒருவருடைய இணைப்பு மூன்று ரிலேக்களைத் தாண்டிப் போகிறது. போய்ச் சேரும் தளத்துக்குத் தெரிவது கடைசி ரிலேயான எக்ஸிட்டின் ஐபி முகவரி மட்டும். ஆகவே யார் என்ன செய்தாலும் ஏச்சு உங்களுக்குத்தான். அந்த ஏச்சையும் பெரும்பாலும் மனிதர்கள் எழுதுவதில்லை. எங்கோ ஒரு சர்வரில், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான 22-ஆம் போர்ட்டில் யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார். ஃபெயில்2பேன் மாதிரி ஒரு மென்பொருள் லாகிலிருந்து நாலு வரியை ஒட்டித் தானாகவே புகார் அனுப்பியிருக்கும்.

பதில் சுருக்கமாக, இப்படி இருக்கட்டும்: இது டோர் எக்ஸிட், தாக்கியவர் என் சர்வரில் இல்லை, அவர் யாரென்று காட்டும் லாக் எதுவும் என்னிடம் இல்லை, உங்கள் முகவரிக்கு என் ரிலே வழியாக இனி யாரும் வராதபடி எக்ஸிட் பாலிசியில் அடைத்துவிட்டேன். டோரே வேண்டாம் என்பவர்களுக்கு, எக்ஸிட் முகவரிகளின் பட்டியலை டோர் திட்டமே வெளியிடுகிறது என்பதையும் சொல்லுங்கள். குறிப்பிட்ட தேதியில் உங்கள் ஐபி டோர் ரிலேயாக இருந்ததா என்று எவரும் பார்த்துக்கொள்ள எக்ஸோனரேட்டர் என்ற சேவை இருக்கிறது, அதையும் காட்டுங்கள். பேச்சுரிமைப் பாடம் மட்டும் எடுக்காதீர்கள். எதிரில் இருப்பவரின் சர்வர் அடி வாங்கியிருக்கிறது.

புகார் கொடுத்தவரைச் சமாதானப்படுத்த டிராஃபிக்கைக் கண்காணிக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் நீங்கள் ரிலே நடத்துவதற்கே அர்த்தமில்லை.

செய்யாத குற்றத்துக்கும் பதில் சொல்ல நேரும். 2024 அக்டோபரில் யாரோ டோர் ரிலேக்களின் ஐபிக்களை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாகப் போட்டு, ஊர்ப்பட்ட சர்வர்களின் 22-ஆம் போர்ட்டைத் தட்டினார்கள். எக்ஸிட்டே இல்லாத ரிலேக்காரர்களுக்கும் புகார்கள் குவிந்தன. சிலருடைய சர்வர்கள் முடக்கப்பட்டன. அந்தப் பொய்ப் பாக்கெட்டுகள் கிளம்பிய இடம் கண்டுபிடிக்கப்பட்டு, நவம்பர் 7 அன்று அடைக்கப்பட்டது.

இனிச் செய்ய வேண்டியவை: ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரிலேயே டோர் எக்ஸிட் என்பது தெரியட்டும். 80-ஆம் போர்ட்டில் விளக்கப் பக்கம் வையுங்கள். மின்னஞ்சல் அனுப்புவதற்கான 25-ஆம் போர்ட் இயல்பாகவே மூடியிருக்கிறது, அதைத் திறக்காதீர்கள். வீட்டு இணைப்பில் எக்ஸிட் ஓட்டவே வேண்டாம். மாஸ்கோவில் அப்படி ஓட்டிய கணித ஆசிரியர் ஒருவர், வேறு யாரோ எழுதிய பதிவுகளுக்காக 2017 ஏப்ரலில் கைதானார். வழக்கு கைவிடப்பட்டதோ 2018-இல்தான்.

போலீஸ் கடிதம் வந்தால் இந்த மாதிரிப் பதில் போதாது. முதலில் வக்கீலைப் பாருங்கள். இத்தனைக்கும் நேரமில்லை என்றால் எக்ஸிட்டை மட்டும் நிறுத்திவிட்டு நடு ரிலேயாக ஓட்டுங்கள். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். டோருக்கு அதுவும் தேவைதான்.