முதலில் காரணம், பிறகு பாகம்: பழைய கார் வாங்கியவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், புளியமரத்து நிழலில் ஒரு வெள்ளை மாருதி 800 நின்றது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், பொங்கல் பானையோடு ஒரு பாட்டி, நடுவில் முகம் வாடிப்போய் இருபத்திரண்டு வயதுப் பையன். கார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம். "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்றான்.

அரை மணி நேரம் ஆறவிட்டேன். ரேடியேட்டரில் தண்ணீர் விட்டு ஸ்டார்ட் செய்தேன். சூட்டு முள் ஏறுகிறது, ஃபேன் அசையவில்லை. ஃபேனை ஓடவைக்கும் வெப்ப சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தேன். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. கெட்டது கட்டைவிரல் அளவு சுவிட்ச். இன்ஜினை இறக்கி, பிரித்து, கேஸ்கட் மாற்றி, பணமும் கட்டியிருந்தால்கூட மறுவாரம் அந்தக் கார் அதே இடத்தில் ஆவி விட்டிருக்கும்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதல் முறையாகப் பழைய கார் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் இது.

1. பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடி. மாருதி 800 முதன்முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அதில் கடைசியாக வந்த காருக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இந்த வயதுக் காரில் எல்லாப் பாகமும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அதனால் எதைக் காட்டி "இதுதான் கோளாறு" என்று சொன்னாலும் நம்பும்படி இருக்கும். நம்பாதே. எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, மேட்டிலா சமதரையிலா, நிற்கும்போதா ஓடும்போதா என்று கேள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். நான்கை ஒரே நாளில் மாற்றினால் கார் சரியாகலாம். எதனால் சரியானது என்பது உனக்குத் தெரியாது.

2. நீரைக் காப்பாற்று. நம் மலையடிவாரத்தில் இருப்பவர் நீர்காத்த அய்யனார். அங்கே ஓடும் ஆற்றின் தண்ணீரையும் ராஜபாளையம் குடிக்கிறது. காரின் உயிரும் தண்ணீரில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை, இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பார். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். திறந்த நொடியில் கொதித்து, ஆவியோடு பொங்கி முகத்தில் அடிக்கும். வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சூடேறினால் இந்த வரிசையில் தேடு: தண்ணீர் இருக்கிறதா, ஹோஸும் கிளிப்பும் ஒழுகுகிறதா, ஃபேன் ஓடுகிறதா, மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, வாட்டர் பம்ப் கசிகிறதா. இத்தனையும் பார்த்த பிறகே கேஸ்கட். கேஸ்கட் போனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. ஒழுகல் எங்கும் தெரியாமலே தண்ணீர் குறையும். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி விடாமல் வரும். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்ததுபோல் வெளுத்த பசை படியும். இவை எதுவும் இல்லாமல் யாராவது கேஸ்கட் என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேள். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துருவும் உப்பும் படியும். கூலண்ட் ஊற்று.

3. ஸ்டார்ட் ஆகாத கார் என்ன சத்தம் போடுகிறது என்று கேள். சாவியைத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று அடுத்தடுத்து வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "டக்" வந்து நின்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பு. வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியோ அதன் இணைப்போதான் காரணம். வெளிச்சம் குறையாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் செல்ஃபுக்குப் போகும் வயரையும் சுவிட்சையும் பார்.

புது பேட்டரி வாங்க ஓடும் முன் டெர்மினலைக் கழற்று. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவு. பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது மீட்டர். காலையில் இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரிமேல் குற்றமில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை.

4. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இரண்டே கேள்விதான்: கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா? பழைய கார்புரேட்டர் வண்டி கத்திரி வெயிலில் மேடேறி நின்றுபோனால், பெரும்பாலும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். நிழலில் ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி போட்டு, கால் மணி நேரம் பொறு. தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் கார்புரேட்டரைப் பிரிக்காதே.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார். கொழகொழத்தாலும் வெடித்திருந்தாலும் உடனே மாற்று. சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், காரை மாதக் கணக்கில் நிறுத்தி வைத்துப் பழைய பெட்ரோலோடு மல்லுக்கட்டாதே.

5. மிஸ்ஸிங் அடித்தால் எந்த சிலிண்டர் என்று முதலில் தெரிந்துகொள். மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். இன்ஜின் ஓடாதபோது ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி ஓரமாக வைத்து, ஸ்டார்ட் செய்து, நடையைக் கேள். நிறுத்தி, மாட்டி, அடுத்ததைப் பார். எதைக் கழற்றினால் நடை மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஓடும்போது அந்த வயரில் கை வைக்காதே, தூக்கியடிக்கும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி வெயிலில் வரிசையாக வைத்துப் பார். காப்பிப் பொடி நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் உள்ளே ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். ஒரு டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல் நான் பிளக்கைப் பார்ப்பேன். பின்னால் வந்த கார்களில் ஸ்கேனர் போட்டு எண் எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த எண் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்லும். அது பெயர் சொன்ன சென்சாரை உடனே வாங்கி மாட்டிவிடாதே. வயர், சாக்கெட், காற்றுக் கசிவு மூன்றையும் முதலில் பார்.

6. புகையின் நிறத்தைப் படி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் வீணாகிறது. வெள்ளை, காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் பயமில்லை. சூடேறிய பிறகும் அடர்த்தியாக வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. எந்தப் புகையானாலும் கதவடைத்த ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதே. நிறமும் மணமும் இல்லாத நச்சுக்காற்று ஆளை ஓசையில்லாமல் கொன்றுவிடும்.

7. பிரேக்கில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று. அழுத்திப் பிடிக்கப் பிடிக்க மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் தேய்மானம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. ஐயப்பன் சீசனில் நம் ஊர் வழியாகச் செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலையேறும் வண்டிகள் எத்தனை! எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடேறி, வேண்டிய இடத்தில் பிடிக்காது. பிரேக்கில் சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு. இது பழகிப் பார்க்கிற இடமில்லை.

8. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் வயரை முறுக்கி வைக்காதே. ஃப்யூஸ் எரிவது உன்னைக் காப்பாற்றத்தான். திரும்பத் திரும்ப எரிந்தால் பெரும்பாலும் எங்கோ வயர் காரின் உடம்பில் உரசுகிறது. முன்பு வைத்திருந்தவர் போட்ட ஹாரன், பாட்டுப் பெட்டி, கூடுதல் லைட்டு ஆகியவற்றின் வயர்களிலிருந்து தேடு. ஒரு லைட்டைப் போட்டால் இன்னொன்று மங்கினால் எர்த் வயரைச் சுரண்டி இறுக்கு. வயரைத் தேடிக் காரின் அடியில் போகிறாயென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதே. ஸ்டாண்ட் கொடு, சக்கரத்துக்குக் கல் வை.

9. ஆற்றோடு போட்டி போடாதே. அய்யனார் கோவில் பக்கம் கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை ஆற்றில் திடீரென்று இறங்கும். ஆற்று மணலில் காரை நிறுத்தாதே. ஓடும் தண்ணீருக்குள் இறக்காதே. தெரியாமல் இறங்கி வண்டி நின்றுபோனால், மறுபடி சாவியைத் திருப்பாதே. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து, பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

10. ஒரு நோட்டுப் போடு. தேதி, கிலோமீட்டர், என்ன தொந்தரவு, என்ன செய்தாய், எவ்வளவு செலவு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று முன்னவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிது போடு. டயரின் பக்கவாட்டில், அது செய்த வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதென்று வயதான டயரில் நெடுந்தூரம் போகாதே.

இந்தப் பத்தையும் ஒரே நாளில் கற்க முடியாது, வேண்டியதும் இல்லை. நாளைக் காலை, சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திற. தண்ணீர், ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் பார். குனிந்து, ராத்திரி காரின் அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார். பிறகு ஸ்டார்ட் செய்து, பாட்டுப் போடாமல் ஒரு நிமிடம் காது கொடு. நலமாக இருக்கும் நாளில் உன் காரின் சத்தம் உனக்கு மனப்பாடமாக இருந்தால்தான், அது மாறுகிற நாளில் முதலில் உனக்குத் தெரியும்.