எல்லை தாண்டிய சம்பளம்

ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியப் பட்டதாரிகளில் பலர், பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில் கடன் பெற்றுப் படித்தவர்கள். 1997-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இக்கழகம், ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணமே விதிக்கிறது. வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தவணையைத் தள்ளிப்போடத் தூண்டுவதும் இந்தக் குறைவுதான்.

ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். எனவே, 200 ரிங்கிட் தவணை அங்குச் சம்பாதிப்பவருக்கு 67 வெள்ளிக்கும் குறைவாகவே வரும். கடன் சிறிதாகத் தெரிகிறது. ஆனால், அங்கேயே தங்குபவருக்கு வாடகையும் சாப்பாடும் வெள்ளியில்தானே!

பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று. மலேசியாவில் ஊழியரின் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 அல்லது 13 விழுக்காடு செலுத்துகிறார். சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதியில் செல்லும் மலேசியருக்கு இந்தப் பிடித்தம் இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. முதுமைக்கென எதுவும் தானாகச் சேர்வதில்லை. பத்தாண்டுகள் கழித்து ஊர் திரும்பினால், புறப்பட்ட நாளில் சேமநிதியில் இருந்த தொகையும் அதற்குக் கிடைத்த இலாப ஈவுமே மிஞ்சும்.

வெளிநாட்டில் இருந்தபடியே சேமநிதிக்குச் சுயமாகச் சந்தா செலுத்தலாம்; கல்விக் கடன் தவணையையும் இணையம்வழி கட்டலாம். சம்பள நாளன்றே இவ்விரண்டையும் செலுத்துபவர், எஞ்சியதையே தம் சம்பளமாகக் கொண்டு செலவுகளைத் திட்டமிடுகிறார். நாணய மாற்று விகிதம் இன்னும் கொஞ்சம் உயரட்டும் என்று காத்திருப்பவரோ, பெரும்பாலும் அந்த மாதம் இரண்டையும் கட்டுவதில்லை.