குழந்தைகளின் பல் முளைப்பும் ஈறு நோவும்

குழந்தைக்குப் பால்பற்கள் 20. இவற்றுள் கீழ் முன்பற்கள் இரண்டும் பெரும்பாலும் ஆறாவது மாதத்தை ஒட்டி முதலில் வெளிப்படும். மூன்று வயதிற்குள் வரிசை நிறைவு பெறும். பல் வெளிவருங்கால் ஈறு சிவந்து தடிப்பதும், வாய்நீர் வடிவதும், கைக்குக் கிட்டியதைக் கடிப்பதும், உறக்கம் கலைந்து சிணுங்குவதும் இயல்பாம். ஒவ்வொரு பல்லுக்கும் இத்தொல்லை சில தினங்களே நீடிக்கும்.

இதற்குரிய உபாயம் வீட்டிலேயே உளது. தாயார் நகங்களைக் களைந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, விரல் நுனியால் ஈறுகளை ஓரிரு நிமிஷம் மெதுவாகத் தேய்த்துவிடல் வேண்டும். கொதிநீரிலிட்டுச் சுத்தம் செய்த துணியை, காய்ச்சி ஆறி மண்பானையில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு மறு முனையைக் கடிக்கத் தரலாம். வாய்நீரை அவ்வப்போது ஒற்றி எடுத்தால் மோவாயில் புண் உண்டாகாது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் தடவுதல் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கழுத்தில் அணிவிக்கும் மணிக்கயிறு அறுந்தால் மணி தொண்டையை அடைக்கும். உட்பொருள் அறியாத பொடிகளையும் விலக்கல் வேண்டும். பிரிட்டனில் பல்லாண்டுகள் விற்கப்பட்ட பல்முளைப் பொடிகளில் பாதரச உப்பு கலந்திருந்தது. அவற்றை உண்ட குழந்தைகள் சிலர் கைகால் சிவந்து, உணவும் உறக்கமும் இன்றி வாடினர், மாண்டவரும் உளர். இந்நோய்க்கும் பாதரசத்திற்கும் உள்ள தொடர்பை 1948-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வார்க்கனியும் ஹப்பர்டும் எடுத்துக்காட்டினர். 1954-ல் பிரிட்டனில் பெரும்பாலான பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 1839-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 மரணங்களுக்குப் பல் முளைப்பே காரணம் எனப் பதிவாயிற்று. உண்மையில் பல் முளைப்பு எக்குழந்தையையும் கொல்வதில்லை. தாயிடமிருந்து பெற்ற நோய்த்தடுப்புச் சக்தி குறைந்து, அசுத்தப் பொருள்களைக் குழந்தை வாயிலிடும் பருவமும் அதுவே. ஆதலின் சுரமும் பேதியும் பல்லோடு சேர்ந்து வருவனபோல் தோன்றுகின்றன.

ஆகவே, தேக உஷ்ணம் 100.4 டிகிரியை எட்டினாலும், நீராகப் பேதி கண்டாலும், அது பல்லால் அன்று எனக் கொள்ளுதல் வேண்டும். பேதியாயின், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டி, தாய்ப்பாலும் ஊட்டி, குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்க. கண் குழிந்தாலும் சிறுநீர் குறைந்தாலும் கணமும் தாமதித்தல் ஆகாது.

அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் இல்லத்துத் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் எடுத்துரைப்பார்களாக. ஈறு நோவுக்குக் குளிர்ந்த துணி போதும். பேதிக்கும் சுரத்திற்கும் வைத்தியம் வேண்டும்.