சிறையில் கழிந்த காலம் பணிக்காலம் ஆகுமா?

என் தந்தையார் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பணிமூப்புப் பட்டியல் வெளிவரும் நாளில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இராது. தமக்குப் பின் பணியில் சேர்ந்த ஒருவர் மேலே சென்றுவிட்டால் அன்றிரவு அவர் சரியாக உண்ணமாட்டார். ஊதியத்தில் குறையும் சில ரூபாய்களைவிட, ‘என் காலம் கணக்கில் வரவில்லையே’ என்பதே அவரை வருத்தும். மலாயா வரலாற்றைப் படித்தபோது இதே வருத்தத்தை ஆங்கிலக் காவல் அதிகாரிகளிடமும் கண்டேன். அதனை இங்கு ஆராய விழைகிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆளுநர் ஷென்டன் தாமஸ் உட்பட, பதவியை விட்டு அகலாத அதிகாரிகள் சிறைப்பட்டனர். காவல் அதிகாரிகளும் அவர்களுள் அடங்குவர். சுமார் 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட சாங்கி சிறையில் ஏறத்தாழ 3,000 குடிமக்கள் அடைக்கப்பட்டனர். பிறரைச் சிறைக்கு அனுப்பியவர்கள் தாமே சிறையில் வாடினர். 1943 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சோதனையில் ஜப்பானிய இராணுவப் போலீசார் 57 பேரைப் பிடித்துச் சென்று வதைத்தனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். 1944 மே மாதத்தில் கைதிகள் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டனர். 1945-இல்தான் விடுதலை வந்தது.

வெளியே நடந்தது என்ன? மலாயாவிலிருந்து தப்பியவர்களுள் சிலர் போர்ப் பணிகளில் சேர்ந்து பதவியும் அனுபவமும் பெற்றனர். 1945 செப்டம்பரில் அமைந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தில், அவர்கள் பட்டாளத்துப் பதவிகளுடன் திரும்பி வந்து அமர்ந்தனர். முகாமிலிருந்து மீண்டவர்களோ உடல் தேற்றத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினர். அவர்கள் திரும்பியபோது பழைய இளையவர் மேலதிகாரியாக இருக்கக் கண்டனர். கடமையை விட்டு அகலாததற்குப் பரிசு பின்வரிசைதானா என்று அவர்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை அன்றோ!

புண் ஆறுவதற்குள் மற்றோர் அடி விழுந்தது. 1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பாலஸ்தீனக் காவல்துறையின் தலைவராக இருந்த கிரே என்பவர் புதிய ஆணையரானார். அங்கிருந்து சுமார் 500 சார்ஜெண்டுகளும் வந்து சேர்ந்தனர். முகாமில் இருந்தோர், தப்பியோர், பாலஸ்தீனத்திலிருந்து வந்தோர் எனக் காவல்துறை மூன்று கட்சிகளாய்ப் பிளவுபட்டது. ஒற்றுமை மிக வேண்டியிருந்த வேளையில் ஒருவரையொருவர் ஐயுற்றனர்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூன்றரை ஆண்டுகள் பசியோடிருந்தவரிடம் உடனே ஒரு மாவட்டத்தை ஒப்படைக்க இயலுமா? ஆனால் திறமை வேறு, உரிமை வேறு. பொறுப்பைச் சிறிது தாமதித்துத் தரலாம். பணிமூப்பைப் பறித்தல் ஆகாது. அந்தக் காலத்தை அவர்கள் வீணாக்கவில்லை, பகைவன் பறித்துக்கொண்டான்.

இங்கு நாம் மறக்கலாகாத மற்றொரு கூட்டமும் உண்டு. மலாய், சீக்கியக் காவலர்களுள் பலர் ஜப்பானியரின் கீழும் பணியாற்ற நேர்ந்தது. குடும்பத்தைக் காக்க அவர்களுக்கு வேறு வழி ஏது? 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் கொரில்லாப் படையினர் காவல் நிலையங்களைத் தாக்கிப் பலரைக் கொன்றனர். எஞ்சியவர்களையும் துரோகிகளோ என்று ஐயுற்று விசாரித்தனர். அதிகாரிக்குப் போனது பதவி உயர்வு. காவலருக்கோ பணியும் உயிருமே போயின. அதிகாரியின் குறை மனுவாகி மேலிடம் சென்றது. காவலரின் குறையை எழுதுவார் இல்லை.

இவ்வரலாறு எனக்கு உணர்த்துவது ஒன்று. நெருக்கடியில் ‘நின்ற இடத்தில் நில்’ என்று ஓர் அரசு கட்டளையிடுமானால், நின்றவரின் காலத்தைக் கணக்கில் சேர்க்கும் கடமையும் அவ்வரசுக்கு உண்டு. அக்கணக்கு அதிகாரியோடு முடிந்துவிடாமல், கடைநிலைக் காவலர்வரை சென்றால்தான் அது நீதி எனப்படும்.