பிளாக் தேறுமா?

சீஸ் ஆன லாரி இன்ஜினைப் பட்டறையில் இறக்கியதுமே உரிமையாளர் கேட்பார்: "தம்பி, பிளாக் தேறுமா?" உடனே பதில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். தேறும் என்று சொல்லி, லேத்தில் பணம் கரைந்தபிறகு விரிசல் தெரிந்தால் பழி உங்கள்மேல். தேறாது என்று நீங்கள் ஒதுக்கியதைப் பக்கத்துப் பட்டறை ஓட்டிக் காட்டினால் பெயர் போச்சு. "கழுவி அளந்து பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்பதே முதல் பதில். அதன்பின் இந்த வரிசையில் போங்கள்.

1. டிரைவரிடம் பேசுங்கள்

வண்டி கொதித்ததா? கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாரா? அப்படியென்றால் விரிசலையும் மேல்பரப்பின் வளைவையும் தேடுங்கள். ஆயில் லைட் எரிந்தும் ஓட்டினாரா? மெயின் பேரிங் பக்கம் கண்ணை வையுங்கள். பாதிப் பரிசோதனை இந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும்.

2. ஆளை வீழ்த்தும் இடத்தை முதலில் பாருங்கள்

கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கைகளும் அவற்றைத் தாங்கும் குறுக்குச் சுவர்களும்தான் பிளாக்கின் முதுகெலும்பு. அங்கே விரிசல் ஓடியிருந்தால், மற்றதை அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்; பெரும்பாலும் பிளாக் முடிந்தது. விரிசல் இல்லாமல், பேரிங் சுழன்றதால் இருக்கை தேய்ந்திருந்தால், லைன் போரிங் செய்து மீட்க வழியுண்டு. கழற்றும்போதே மெயின் பேரிங் கேப்களுக்கு எண்ணும் திசையும் குறித்துவையுங்கள். இடம் மாறிய கேப் நல்ல பிளாக்கையும் கெடுக்கும்.

3. விரிசல்: எங்கே என்பதே கேள்வி

எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சிவப்புச் சாயம் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். விரிசல் சிவப்புக் கோடாக எழும். வார்ப்பிரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் இது பொருந்தும். காந்தச் சோதனை அலுமினியத்தில் எடுபடாது. உள்ளே மறைந்த விரிசலுக்கு, தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சூட்டில்தான் சில விரிசல்கள் வாய் திறக்கும்.

வெளிப்புறத் தண்ணீர்ச் சுவரில் விரிசலென்றால் மெட்டல் ஸ்டிட்சிங் கைகொடுக்கும். சிலிண்டர் சுவரென்றால் ஸ்லீவ் போடலாமா என்று லேத்துக்காரரைக் கேளுங்கள். வார்ப்பிரும்பில் அவசர வெல்டிங் வேண்டாம். முறையாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிடாவிட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

4. சிலிண்டர் போரை அளங்கள்

மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு: சிலிண்டருக்கு ஆறு எண்கள். வட்டம் குலைந்ததும் சரிவும் அதில் தெரிந்துவிடும். ஓவர்சைஸ் பிஸ்டன் பெரும்பாலும் 0.25, 0.50 மி.மீ. என்ற படிகளில் வரும். அந்த இன்ஜினுக்குப் பிஸ்டன் கிடைக்கிறதா என்று கேட்காமல் போரிங்குக்கு அனுப்பாதீர்கள். வெட் லைனர் இன்ஜினில் லைனரை மாற்றிவிடலாம். அது உட்காரும் விளிம்பு அரித்திருக்கிறதா என்பதையே பாருங்கள்.

5. மேல்பரப்பு

நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். வளைவு எவ்வளவு வரை இருக்கலாம், எவ்வளவு சீவலாம் என்பதை அந்த இன்ஜினின் மேனுவல் சொல்லும், மனக்கணக்கு வேண்டாம். சில பிளாக்குகளில் இன்ஜின் எண் மேல்பரப்பின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். சீவுவதற்குமுன் லேத்துக்காரரிடம் அதைக் காட்டிவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள அந்த எண் பிளாக்கில் அழிந்தால் உரிமையாளர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

6. கடைசியில் கணக்கு

தேறுகிற பிளாக் எல்லாம் தேற்றத் தகுந்ததல்ல. லேத் கூலி, பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கெட், வண்டி நிற்கும் நாட்களின் தவணை எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். மாற்று பிளாக்கின் விலையையும், இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் மாற்றும் அலைச்சலையும் மறுபக்கம் எழுதுங்கள். அளந்த எண்களோடு அந்தத் தாளை உரிமையாளர் கையில் கொடுங்கள். "தைத்தால் ஓடும், ஆனால் எவ்வளவு நாள்னு உறுதி தரமாட்டேன்" என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

முடிவை அவர் எடுக்கட்டும். நாளைக்கு எது நடந்தாலும், உங்களைக் காப்பாற்ற அந்தத் தாள் இருக்கும்.