டிரெய்லர் வீட்டுக்கு டயர் மாற்றும்போது

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டுக்குப் புது டயர் வாங்குவோர் பிராண்டுக்கு முன் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் அது. பட்டன் தேயாத டயரை ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். ஆண்டில் பாதிக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும் வண்டி இது. ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலில் ரப்பர் இறுகி, அடுக்குகள் பிரியத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சேதம்தான் ஆபத்து. ஐந்தாறு ஆண்டு ஆனதை, பார்க்கப் புதிதாக இருந்தாலும், நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது சுமை. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் ‘எஸ்டி’ வகையில், 225/75 ஆர் 15 அளவுள்ள ‘டி’ ரகம் 65 பிஎஸ்ஐ காற்றில் 2,540 பவுண்டு தாங்கும். ‘ஈ’ ரகம் 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டு. விலை கூடுதல்தான். ஆனால் தண்ணீரும் சாமானும் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பார்த்தால், ‘டி’ ரகம் எல்லையை ஒட்டி நிற்பது பல வண்டிகளில் தெரியவரும். 80 பிஎஸ்ஐயை ரிம் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றைக் குறைத்தால் தாங்குதிறனும் குறையும். வேறு குறிப்பு இல்லாத எஸ்டி டயருக்கு வேக எல்லை மணிக்கு 65 மைல்.